கமிட்டி ஒன்றா, பலரா?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் போக முடியாது. ‘தி ஜூரி ... டிவைடட் இன் தெயர் ஒப்பினியன்ஸ்.’ புள்ளி வைத்த இடத்தில் ‘வாஸ்’ வருமா, ‘வேர்’ வருமா? விடைக்குறிப்பில் ‘வேர்’ என்று இருக்கும். காரணத்தையும் மாணவர் ஒப்பிப்பார்: குழுவை ஒரே அலகாக நினைத்தால் ஒருமை வினை, அதற்குள் இருக்கும் ஆட்களைத் தனித்தனியாக நினைத்தால் பன்மை வினை. அடுத்த கேள்வியில் ஒரு கமிட்டி ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருக்கும், அதற்கு ‘ஹேஸ்’. இந்தியக் குற்ற வழக்குகளிலிருந்து ஜூரி முறை 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டது. வினாத்தாளில் மட்டும் அந்த ஜூரி இன்னமும் கருத்து வேறுபட்டுக்கொண்டே இருக்கிறது.

இந்த விதி நமக்கு வந்த வழி தெளிவானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜே. சி. நெஸ்ஃபீல்டு இந்தியப் பள்ளிகளுக்காக எழுதிய இலக்கண நூல்கள் ஒரே சொல்லுக்கு இரண்டு பெயர் வைத்தன: முழுமையாக நினைத்தால் அது கூட்டப்பெயர், ஆட்களாக நினைத்தால் திரள்பெயர். பின்னால் வந்த ரென் அண்ட் மார்ட்டின் அதே பிரிவினையை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நெஸ்ஃபீல்டுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1795இல், லிண்ட்லி மர்ரே தம் ஆங்கில இலக்கணத்தில் இதைச் சொல்லிவிட்டார். திரளைக் குறிக்கும் பெயர் ஒருமையும் பெறலாம், பன்மையும் பெறலாம். அந்தச் சொல் தரும் எண்ணம் ஒன்றா பலவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். மர்ரே பிறந்தது அமெரிக்காவில். நூலை எழுதியது இங்கிலாந்தின் யார்க் நகரில், ஒரு பெண்கள் பள்ளிக்காக. பின்னாளில் இந்த விஷயத்தில் அட்லாண்டிக்கின் இரு கரைகளும் பிரிந்து போனதை நினைத்தால், இருகரைக்காரர் ஒருவர் விதி எழுதியது வேடிக்கையான பொருத்தம்தான்.

மர்ரேயின் சொற்களில் ஒரு நெகிழ்வு உண்டு. ‘ஆகலாம்’ என்றுதான் அவர் எழுதினார். பள்ளிப் புத்தகத்தில் அது ‘ஆக வேண்டும்’ என்று இறுகியது. தேர்வுத்தாளில் நான்கு விடைகளில் ஒன்றே சரி என்று இன்னும் இறுகிப்போனது. கடந்த ஐம்பது ஆண்டுகளாக மொழியியலாளர்கள் செய்தித்தாள்களையும் பேச்சுப் பதிவுகளையும் அலசி, சோதனைக்கூடத்தில் ஆட்களை உட்காரவைத்து வாக்கியங்களை முடிக்கச் சொல்லிப் பார்த்ததில் தெரிவது வேறு. குழுவை ஒன்றாக நினைக்கிறோமா பலராக நினைக்கிறோமா என்பது வினையைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஒன்று, அவ்வளவே. எந்தச் சொல், எந்த நாடு, பேச்சா எழுத்தா, பெயருக்கும் அதோடு இயைய வேண்டிய சொல்லுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்ற நான்கும் பெரும்பாலும் அதை ஓரங்கட்டிவிடுகின்றன.

முதலில் பழைய கதை. இந்த ஊசலாட்டம் இலக்கணக்காரர்கள் வருவதற்கு வெகு முன்னாலேயே இருந்தது. ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றுக் குறிப்புகளில் டேனியப் படையைக் குறிக்கும் ‘ஹெரெ’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. படை கிளம்பும்போது வினை ஒருமையில் இருக்கும்; சில சொற்கள் தாண்டி அது ஊரைக் கொளுத்தும்போது பன்மைக்கு மாறியிருக்கும். எழுதியவர் தடுமாறவில்லை. ஒரே வாக்கியத்துக்குள் படை ஒன்றாகப் புறப்பட்டுப் பலராகச் சூறையாடுவது அவருக்கு இயல்பாக இருந்திருக்கிறது.

இந்த இயல்பை ஓர் ஆவணத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்க அரசியலமைப்புச் சட்டம், 1787. முதல் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு பிரதிநிதிகள் சபை ‘தெயர்’ சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கும் என்கிறது: சபை பலர். மூன்றாம் உட்பிரிவில் செனட்டும் அப்படியே ‘தெயர்’ அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஐந்தாம் உட்பிரிவுக்கு வந்தால், ஒவ்வொரு சபையும் ‘இட்ஸ்’ நடவடிக்கைகளுக்குக் குறிப்பேடு வைத்துக்கொள்ள வேண்டும்: சபை ஒன்று. ஏழாம் உட்பிரிவில் குடியரசுத் தலைவர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பினால், அது தோன்றிய சபை அவருடைய ஆட்சேபங்களை அதே குறிப்பேட்டில் பதிய வேண்டும். இந்த இடத்தில் குறிப்பேடு ‘தெயர்’ ஆகிவிடுகிறது. அதுமட்டுமல்ல, சபையைச் சுட்ட மனிதர்களுக்கு உரிய ‘ஹூ’ வருகிறது. அதே சபை, அதே குறிப்பேடு, இரண்டே உட்பிரிவு இடைவெளி. ஐந்தாம் உட்பிரிவில் சபை ஒன்றாக நினைத்தது, ஏழாம் உட்பிரிவில் ஆளாளுக்கு நினைத்தார்கள் என்று யாரும் வாதாட முடியாது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இரண்டு கதவும் திறந்திருந்தன, எழுதியவர்கள் கைக்கு வந்த கதவு வழியாக நுழைந்தார்கள் என்பதுதான் நேர்மையான விளக்கம்.

இதோடு நம் அரசியலமைப்பை வைத்துப் பார்த்தால் ஒன்றரை நூற்றாண்டில் சட்ட ஆங்கிலம் எங்கே வந்து சேர்ந்தது என்று தெரியும். 118ஆம் பிரிவில் நாடாளுமன்றத்தின் ஒவ்வோர் அவையும் ‘இட்ஸ்’ நடைமுறைக்கான விதிகளை வகுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. வினையைப் பொறுத்தவரை சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு தப்பும் வழி உண்டு. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கும் என்று சொல்லும் 75ஆம் பிரிவில் வருவது ‘ஷல்’. அதற்கு ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை. ‘கூட்டாக’ என்ற சொல் நடுவிலேயே நிற்கிறது, ஆனாலும் அமைச்சரவை ஒன்றா பலரா என்று வினை வாயைத் திறப்பதில்லை.

அமெரிக்காவின் பெயரே இந்தச் சிக்கலின் மிகப் பிரபலமான வழக்கு. ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ வடிவத்தில் பன்மை, எனவே கறாராகச் சொன்னால் கூட்டப்பெயர் இல்லை. ஆனால் கேள்வி அதேதான். 1787இன் சட்டம் தேசத்துரோகத்தை வரையறுக்கும்போது அமெரிக்காவை ‘தெம்’ என்கிறது. அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலும் ‘தெயர்’ அதிகார வரம்பு என்றே இருக்கிறது. மூன்றே ஆண்டு கழித்து வந்த 14ஆவது திருத்தம் ‘தேர்ஆஃப்’ என்று எழுதிப் பிரச்சினையிலிருந்து நழுவிக்கொண்டது. உள்நாட்டுப் போருக்கு முன் ‘ஆர்’, போர் முடிந்ததும் ‘இஸ்’, ரத்தம் சிந்தித்தான் அந்த ஒருமை வந்தது என்று வரலாற்று நூல்களிலும் மேடைகளிலும் அழகாகச் சொல்வார்கள். அழகாக இருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டிய கதை இது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை எண்ணிப் பார்த்து 2008இல் வெளியான ஒரு சட்ட ஆய்வு, போருக்குப் பின்னும் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை பன்மையே அங்கே ஓங்கியிருந்ததைக் காட்டியது. 1901இல் கூட, முன்னாள் வெளியுறவுச் செயலர் ஜான் ஃபாஸ்டர் ‘ஆர்’ சரியா ‘இஸ்’ சரியா என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. முடிந்துபோன விவகாரத்துக்கு யாரும் கட்டுரை எழுத மாட்டார்கள். அடுத்த ஆண்டு பிரதிநிதிகள் சபையின் சட்டத் திருத்தக் குழு ஒருமைக்கு முத்திரை குத்தியது. போர் ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம். மாற்றம் அதன் போக்கில்தான் நடந்தது.

அமெரிக்கர் ஒருமை சொல்வார், பிரிட்டிஷார் பன்மை சொல்வார் என்பது இன்று பொதுவாகத் தெரிந்த செய்தி. அதன் முதல் பாதி ஏறக்குறைய சரி. இரண்டாம் பாதியில் திருத்தம் வேண்டும். பிரிட்டிஷாரும் எழுத்தில் பெரும்பாலும் ஒருமையே எழுதுகிறார்கள். பன்மைக்கும் அங்கே இடம் உண்டு, அவ்வளவே. சுவீடனின் மாக்னுஸ் லெவின் 2001இல் வெளியிட்ட ஆய்வு பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலியச் செய்தித்தாள்களையும் பேச்சுப் பதிவுகளையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டது. அமெரிக்கச் செய்தித்தாளில் பன்மை வினை அரிது. பிரிட்டனில் அதைவிட நன்றாகவே அதிகம். எங்குமே எழுத்தைவிடப் பேச்சில் பன்மை கூடுதல். நியூசிலாந்தின் லாரி பாவர் லண்டன் ‘டைம்ஸ்’ தலையங்கங்களை 1900 முதல் பல பத்தாண்டுகளுக்கு அலசி, பிரிட்டனிலேயே ஒருமை ஏறிக்கொண்டு வந்ததைக் காட்டினார். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு ‘கவர்மென்ட்’ என்ற ஒற்றைச் சொல்லுடையது என்பதையும் அவர் கவனித்தார். தலையங்கத்தில் அதிகம் அடிபடும் சொல் அதுதானே.

குடியேற்ற நாடுகள் தாய்நாட்டின் பழைய வழக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் என்று ஒரு கருத்து உண்டு. இங்கே அது பொருந்தவில்லை. மரியான் ஹுண்ட் பழைய தரவுகளைத் தோண்டிப் பார்த்ததில், ஒருமையை நோக்கிய நகர்வில் முன்னே போனது அமெரிக்கா. பின்னால் மெதுவாக வருவது பிரிட்டன்.

நாடு ஒரு பக்கம் இருக்க, அலுவலகத்துக்கு அலுவலகம் வேறுபாடு உண்டு. ‘கார்டியன்’ நடைக்கையேடு இன்னும் மர்ரே வழியில்தான் போகிறது: கமிட்டி ஏகமனதாக ஒப்புதல் தந்தால் ஒருமை, தேநீரோடு பிஸ்கட் சாப்பிட்டால் பன்மை. பிபிசி செய்திப் பிரிவின் கையேடு, நிறுவனங்களையும் அரசுகளையும் ஒருமையில் எழுதச் சொல்லிவிட்டு விலக்குகளை அடுக்குகிறது: குடும்பம், தம்பதி, பாப் இசைக் குழுக்கள், காவல்துறை, விளையாட்டு அணிகள். அணிகளுக்கு உள்விலக்கும் உண்டு. ஆர்சனல் கோல் போட்டால் பன்மை. ஆர்சனல் லாபக் கணக்கு வெளியிட்டால் அது கம்பெனி, ஒருமை. சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. மைதானத்தில் ஓடுவது பதினொரு பேர். கணக்கு காட்டுவது ஒரு சட்ட நபர்.

விளையாட்டுத் துறையில் பிரிட்டிஷ் பன்மை அசைக்க முடியாதது. ‘இந்தியா ஆர் 120 ஃபார் 3’ என்று வர்ணனையாளர் சொல்வதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். அதே வர்ணனையாளர் ஆட்டம் முடிந்து இந்தியாவின் வெயிலைப் பற்றிப் பேசினால் ‘இந்தியா இஸ்’ என்பார். நாடு ஒன்று, அணி பதினொன்று. அமெரிக்கர் ‘டல்லாஸ் இஸ் லீடிங்’ என்பார், ‘தி கவ்பாய்ஸ் ஆர் லீடிங்’ என்பார். சொல்லின் வடிவத்தைத்தான் பார்க்கிறார் என்று தோன்றும். ஆனால் அங்கும் ஓர் ஓட்டை இருக்கிறது. மயாமி ஹீட், ஆர்லாண்டோ மேஜிக், யூட்டா ஜாஸ் என்று சில கூடைப்பந்து அணிகளின் பெயர்கள் வடிவத்தில் ஒருமை. அசோசியேட்டட் பிரஸ் கையேடு இவற்றுக்குப் பன்மை வினைதான் போடச் சொல்கிறது. லீக்கில் மற்ற அணிகள் எல்லாம் ‘புல்ஸ்’, ‘லேக்கர்ஸ்’ என்று பன்மையில் இருக்கும்போது இவற்றுக்கு மட்டும் ஒருமை போட்டால் காதில் இடிக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு எல்லாம் ஒரே இலை. ஐபிஎல் அமைப்பாளர்கள் தெரிந்தோ தெரியாமலோ இந்தத் தொல்லையை முளையிலேயே கிள்ளிவிட்டார்கள்: சூப்பர் கிங்ஸ், இந்தியன்ஸ், ராயல்ஸ், டைட்டன்ஸ் என்று எல்லாமே பன்மை. இங்கிலாந்தில் 2021இல் தொடங்கிய ‘தி ஹண்ட்ரட்’ போட்டியில் லண்டன் ஸ்பிரிட், சதர்ன் பிரேவ், வெல்ஷ் ஃபயர் என்று வைத்தார்கள். பிரிட்டிஷாருக்கு அதனால் ஒரு சங்கடமும் இல்லை. அவர்கள் ‘வேர்’ போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வழக்கு. இனி மொழியின் உள்ளமைப்பு. எனக்கு இந்த விஷயத்தில் சுவையே இங்கேதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் கமிட்டி பன்மை வினை பெறலாம் என்றால், அந்தச் சொல்லே பன்மையாகிவிட்டதா? இல்லை. ‘திஸ் கமிட்டி ஆர்’ என்பார்கள்; ‘தீஸ் கமிட்டி’ என்று யாரும் சொல்வதில்லை. பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்கும் சுட்டு ஒருமையிலேயே கிடக்க, வினை மட்டும் பன்மைக்குத் தாவுகிறது. இன்னொன்று: ‘தேர் இஸ் எ கமிட்டி’ என்று தொடங்கும் வாக்கியத்தில் எந்த பிரிட்டிஷாரும் ‘ஆர்’ போடுவதில்லை. கமிட்டி என்று ஒன்று இருப்பதை அறிவிக்கும்போது அது ஒன்றாகத்தான் இருக்க முடியும். அறிவித்த பிறகுதான் அது பலராக நடமாடலாம். குழுவின் அளவையும் உறுப்பையும் சொல்லும் வினைகளும் அப்படியே. ஐந்து பேர் கொண்டது என்று சொல்லும்போது ‘கன்சிஸ்ட்ஸ்’ என்ற ஒருமையே பொருந்தும். ‘தி ஃபேமிலி இஸ் பிக்’ என்றால் வீட்டில் ஆட்கள் அதிகம். ‘தி ஃபேமிலி ஆர் பிக்’ என்றால் வீட்டில் ஒவ்வொருவரும் ஆஜானுபாகு.

ஆக இது சொல்லின் எண்ணிக்கை பற்றிய கேள்வி மட்டுமல்ல, எந்த இடத்தில் எந்த எண்ணிக்கை என்ற கேள்வி. இதற்குப் பொதுவான ஒரு சட்டகத்தை கிரெவில் கார்பெட் 1979இல் முன்வைத்தார். பல மொழிகளின் தரவை வைத்து அவர் நான்கு படிகளை வரிசைப்படுத்தினார்: பெயரை ஒட்டிய அடைமொழி, வினை, ‘ஹூ’ போன்ற தொடர்புச் சொல், கடைசியில் ‘தே’ போன்ற பிரதிப்பெயர். முதல் படியில் வடிவம் ஆள்கிறது. படி இறங்க இறங்கப் பொருளின் பிடி கூடும், குறைவதே இல்லை. ஒரு மொழியில் வினை பொருளைப் பின்பற்றிப் பன்மையாகலாம் என்றால், பிரதிப்பெயரும் கட்டாயம் அப்படி ஆகலாம். இதன் மறுதலை செல்லாது.

அமெரிக்கரை இந்த ஏணியில் வைத்துப் பார்த்தால் அவர் பிரிட்டிஷாரிடமிருந்து எங்கே பிரிகிறார் என்று துல்லியமாகத் தெரியும். பிரிவது வினைப் படியில் மட்டும்தான். பிரதிப்பெயர்ப் படியில் அவரும் தாராளமாகப் பன்மைக்குப் போகிறார். ‘தி கமிட்டி ஹேஸ் ஃபினிஷ்ட் தெயர் ஒர்க்’ என்பது அமெரிக்கப் பேச்சில் மிகச் சாதாரணம். இப்போது அந்த ஜூரி வாக்கியத்தை மறுபடி பாருங்கள். வினாத்தாளில் ‘தெயர்’ ஏற்கெனவே அச்சாகியிருப்பதால் வினையும் பன்மையாக வேண்டும் என்பது விடை எழுதியவரின் தர்க்கம். ஏணியின்படி ‘தெயர்’ பன்மையாக இருப்பது வினையை ஒன்றும் கட்டாயப்படுத்தாது. ‘வாஸ்’ போட்ட மாணவர் அமெரிக்கர் ஒருவர் பேசுவதைத்தான் எழுதியிருக்கிறார். ஒருமையில் தொடங்கினால் ஒருமையிலேயே முடி, நடுவில் மாறாதே என்று 1926இல் ஹென்றி ஃபௌலர் எழுதியது நல்ல உரைநடைக்கான அறிவுரை. அதை இலக்கணம் என்று நினைத்துக்கொண்டதுதான் கோளாறு.

மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கேத்ரின் பாக்கும் கூட்டாளிகளும் பல ஆண்டுகள் சோதித்திருக்கிறார்கள். வாக்கியத்தின் முதல் பாதியைக் கொடுத்துவிட்டு, ஆட்கள் அதை எப்படி முடிக்கிறார்கள் என்று பார்ப்பதே முறை. பெட்டிகளின் சாவி என்று தொடங்கினால், பக்கத்தில் நிற்கும் பெட்டிகளின் பன்மை சில பேரை இழுத்து ‘ஆர்’ போடவைக்கும். 1991இல் பாக்கும் மில்லரும் இதைக் காட்டினார்கள். அந்த இடத்தில் கப்பல்கள் போன்ற பன்மைச் சொல்லுக்குப் பதில் கப்பற்படை என்ற கூட்டப்பெயரை வைத்தால் என்ன ஆகும் என்று 1993இல் பாக்கும் எபர்ஹார்டும் பார்த்தார்கள். இழுப்பே இல்லை. பொருளில் எத்தனை கப்பல் இருந்தாலும், சொல்லின் வடிவம் ஒருமையாக இருந்தால் பக்கத்து வினை அதைப் பொருட்படுத்துவதில்லை.

எழுவாயாகவே கூட்டப்பெயர் வந்தால் மட்டும் கதை மாறுகிறது. 2005இல் ஹம்ஃப்ரீஸும் பாக்கும் செய்த சோதனை அத்தனை எளிமையானது, எனக்கு அதுவே மிகப் பிடித்தது. மோட்டார் சைக்கிள்களுக்கு அருகில் நிற்கும் கும்பல் என்று ஒரு தொடக்கம். மோட்டார் சைக்கிள்களின் மேல் இருக்கும் கும்பல் என்று இன்னொன்று. ஆங்கிலத்தில் வேறுபாடு ஒரே ஒரு முன்னிடைச் சொல்தான். அருகில் என்றால் கும்பல் ஒரு மூலையில் கும்பலாக நிற்கிறது. மேலே என்றால் வண்டிக்கு ஓர் ஆளாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டாவதற்குப் பன்மை வினை கூடியது, அதுவும் ஒருமைக்குப் பேர்போன அமெரிக்கர்களிடம். மர்ரே சொன்ன எண்ணம் உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று நான் பார்த்ததில்லை. ஆனால் அது ஒரு சாய்வு, சட்டம் அல்ல: சிலர் பன்மைக்கு மாறினார்கள், எல்லோரும் இல்லை. அடுத்த ஆண்டு பாக்கும் கூட்டாளிகளும் பிரிட்டிஷாரையும் அமெரிக்கரையும் ஒப்பிட்ட ஆய்வில், வாக்கியம் கட்டும் எந்திரம் இரு தரப்பிலும் ஒன்றே என்றும், கூட்டப்பெயர்ச் சொற்களை அகராதியில் பதிந்து வைத்திருக்கும் முறையே வேறு என்றும் முடிவுக்கு வந்தார்கள். பிரிட்டிஷார் மனத்தில் ‘டீம்’ என்ற சொல்லோடு பன்மையின் சாயல் சற்றுக் கூடுதலாகவே ஒட்டியிருக்கிறது.

சொல்லுக்குச் சொல் என்பதுதான் நடைமுறையில் கடைசி வார்த்தை. ‘போலீஸ்’, ‘கேட்டில்’ இரண்டும் எங்கும் பன்மையே. இங்கே அலகு, ஆள் என்ற விசாரணைக்கே இடமில்லை. ‘ஸ்டாஃப்’ பிரிட்டனில் பெரும்பாலும் பன்மை. ‘கவர்மென்ட்’, ‘ஆடியன்ஸ்’, ‘கமிட்டி’ பெரும்பாலும் ஒருமை, பிரிட்டனிலும். ‘ஃபேமிலி’, ‘க்ரூ’ நடுவில். ‘பௌல்ட்ரி’ கூண்டில் இருக்கும்போது பன்மை, தட்டுக்கு வந்தால் ஒருமை. ‘எ நம்பர் ஆஃப்’ என்று தொடங்கினால் பன்மை. ‘தி நம்பர் ஆஃப்’ என்றால் ஒருமை, காரணம் முன்னதில் ‘நம்பர்’ தன் பின்னால் வரும் பெயருக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடுகிறது. ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’ இந்தக் கூட்டத்திலேயே சேர்த்தியில்லை. அவை எண்ணப்படாத பெயர்கள், எப்போதும் ஒருமை. நம் பள்ளிப் புத்தகங்கள் இவற்றை எல்லாம் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புவது வேறு கதை.

தமிழ் வழியாக ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் ஒரு தனி வசதியும் உண்டு. தமிழில் இதே கேள்வி திணை வழியாக எழுகிறது, அதை முதலில் எழுப்பியது தொல்காப்பியம். சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், மனிதரைக் குறித்தாலும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் குழு இருக்கிறது, அரசு இருக்கிறது, விருந்து இருக்கிறது, குழவியும் இருக்கிறது. இன்றைய நாளிதழ் அரசு அறிவித்தது, குழு பரிந்துரைத்தது, அணி வென்றது என்று எழுதுவது அந்தச் சூத்திரத்துக்கு அடங்கித்தான். உயர்திணை வேண்டுமென்றால் பெயரையே மாற்ற வேண்டும்: காவல்துறை கைது செய்தது, போலீசார் கைது செய்தனர். பெயரை அப்படியே விட்டுவிட்டு வினையை மட்டும் மாற்றும் பிரிட்டிஷ் சலுகை எழுத்துத் தமிழில் கிடையாது. ஆகவே தமிழர் ஆங்கிலத்தில் ‘கவர்மென்ட் ஹேஸ்’ தயங்காமல் வருகிறது. ‘இந்தியா ஆர்’ கேட்கும்போது உறுத்துகிறது. ‘போலீஸ் ஹேஸ்’ என்று தவறவும் செய்கிறோம். தாய்மொழியின் கைதான் இதில் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு.

ஆனால் கார்பெட்டின் ஏணி தமிழுக்கும் பொருந்துவதைப் பாருங்கள். கல்விக் குழு நேற்று பள்ளிக்கு வந்தது. அவர்கள் ஆய்வகத்தைப் பார்த்தார்கள். இதில் யாரும் பிழை காண்பதில்லை. முதல் வாக்கியத்தின் வினையைத் திணை கட்டிவைத்திருக்கிறது. அடுத்த வாக்கியத்தின் பிரதிப்பெயர் அவிழ்த்துக்கொண்டு உயர்திணைப் பன்மைக்குப் போய்விடுகிறது. அமெரிக்கரின் ‘ஹேஸ்’, ‘தெயர்’ ஜோடியும் இதே ஏற்பாடுதான்.

பேச்சுத் தமிழ் இன்னொரு படி மேலே போய், ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. ஸ்கூல்ல வரச் சொன்னாங்க. பேங்க்ல லோன் குடுக்க மாட்டேங்குறாங்க. கவர்மென்ட்ல தடை போட்டுட்டாங்க. பொண்ணு வீட்ல சரின்னுட்டாங்க. நிறுவனத்தை எழுவாய் நாற்காலியிலிருந்து இறக்கி ‘ல’ போட்டு இடமாக்கிவிட்டால், அஃறிணைக் கட்டு தானாகக் கழன்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் ஆட்கள் பெயர் சொல்லாமலே பன்மை வினையில் வந்து நிற்கிறார்கள். பிரிட்டிஷார் ‘தி பேங்க் ஹேவ் ரெஃப்யூஸ்ட்’ என்று சொல்லிச் செய்வதை நாம் வேற்றுமை உருபு ஒன்றால் செய்கிறோம்.

‘போலீஸ்’ மட்டும் இந்த வழிக்கும் வராமல் நடுவில் நிற்கிறது. ‘போலீஸ் புடிச்சுட்டுப் போயிருச்சு’ என்பாரும் உண்டு, ‘போலீஸ் புடிச்சுட்டுப் போயிட்டாங்க’ என்பாரும் உண்டு. ஒரே தெருவில், ஒரே சம்பவத்துக்கு இரண்டையும் கேட்கலாம். எது எப்போது வருகிறது, பயமா மரியாதையா தூரமா எது தீர்மானிக்கிறது என்பதைத் தமிழ்ப் பேச்சுப் பதிவுகளை வைத்து யாராவது லெவின் செய்ததுபோல எண்ணிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.